போதகரின் டெரிலின் அங்கி

இன்று சித்தூரிலிருந்து திருப்பதி வரும் பஸ்ஸில், எங்கள் சபையில் முன்பு இருந்த போதகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பார்த்ததுமே எனக்கு உறுத்தியது.

எண்பத்து நாலாம் வருஷம் அவருக்குப் புது அங்கி தைக்கத் துணி எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடைக்காரர் நகரி ஊரில் நெய்த பருத்தியை விரித்துப் போட்டு, "தொட்டுப் பாரும்மா, வெயிலுக்கு இதான் சுகம்" என்றார்.

தொட்டேன். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அங்கியைத் துவைத்து இஸ்திரி போடப் போவதும் நான்தான். கசங்காத டெரிலினை எடுத்தேன். போதகரிடம், "இதான் இருக்கிறதுலயே ஒசத்தி ஐயா" என்று வேறு சொல்லிவைத்தேன்.

மே மாதத்து ஆராதனைகளில் அவர் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் பிரசங்கம் செய்ததை முன்வரிசையிலிருந்து பார்த்தவள் நான்.

இன்றாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீ எடுத்துக் குடுத்த அங்கி இன்னும் வெச்சிக்கினுதாம்மா இருக்கேன். போட்டா வேர்த்து ஊத்தும். ஒசத்தி துணின்னா அப்பிடித்தான் போலன்னு பொறுத்துக்கினேன்."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"என்னை அடக்கம் பண்றப்ப அதையே போடணும்னு பையன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

திருப்பதியில் இறங்கியதும் நேராகக் கடைக்குப் போய் நல்ல வெள்ளைப் பருத்தி வாங்கிவிட்டேன். தைக்க அவருடைய அளவு வேண்டும். எதற்கென்று கேட்பாரே, என்ன சொல்லட்டும்?

அவர் ஃபேஸ்புக்கில் இல்லை என்ற தைரியத்தில்தான் உங்களைக் கேட்கிறேன்.