வகுப்பே எழுதிய ‘களனி’

திருப்புலிவனம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் தமிழ் டீச்சர். போன வருடம் ஒருநாள் ஏழாம் வகுப்புக்குச் சொல்வதை எழுதும் பயிற்சி வைத்தேன். கழனி, உழவு, நிழல் என்று பாடத்தில் வரும் பத்து வார்த்தைகள்.

நோட்டுகளைத் திருத்தினால் வகுப்பே ‘களனி’, ‘உளவு’, ‘நிளல்’ என்று எழுதியிருந்தது. எல்லோரும் காப்பியா என்று கத்தினேன்.

“நீங்க சொன்னதத்தான் மிஸ் எழுதனோம்” என்றார்கள். நான் நம்பவில்லை.

கடைசி பெஞ்சு செல்வி மட்டும் பத்தும் சரி. எது கேட்டாலும் திருதிருவென்று விழிப்பாள். மந்தம் என்று நானே முடிவு கட்டியிருந்த பெண். இவள் எப்படி? மதியம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“இன்னா மிஸ்?” என்றாள். மறுபடி சத்தமாகக் கேட்டேன்.

“எனுக்கு காது சரியா கேக்காது மிஸ். உங்க வாயப் பாத்து இன்னா வார்த்தைன்னு கண்டுபுடிச்சி, புக்குல கீற மாதிரியே எழுதிட்டேன்.”

அன்று சாயந்திரம் செல்போனில் என் குரலைப் பதிவு செய்து கேட்டேன். ‘களனி’ என்றுதான் சொல்லியிருந்தேன். பதினோரு வருடமாக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாளே செல்வியை முதல் பெஞ்சுக்கு மாற்றினேன். அவளுக்குப் புரியட்டும் என்று வாயை நன்றாகத் திறந்து, “கழனி” என்கிறேன். அவள் என் நாக்கையே உற்றுப் பார்க்கிறாள்.

“இன்னும் கொஞ்சம் மடிக்கணும் மிஸ்.”

மடிக்கிறேன்.