கிராணி வேஷம் கட்டிய தம்புசாமி

கிள்ளானில் தம்புசாமியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய சிரிப்பைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. கோயில் திருவிழா நாடகத்தில் எந்த அசுரன் செத்தாலும் அது தம்புசாமிதான். அடிவயிற்றிலிருந்து சிரிப்பை எடுத்துவிட்டாரென்றால் முன்வரிசைக் குழந்தைகள் வீறிட்டு அழும். அழாத குழந்தை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. மீசையும் அந்தச் சிரிப்புக்கென்றே வளர்த்தது. இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நிற்கும்.

மற்ற நாட்களில் அவர் பஸ் எடுத்து யாத்திரை நடத்துகிறவர். பினாங்குத் தைப்பூசம், கேமரன் மலை, ஈப்போ கோயில்கள் என்று ஆள் சேர்ப்பார். அங்கே அவர் குரலே வேறு. "வாங்கக்கா, ஏறுங்க. ஜன்னலோரமா எடம் வச்சிருக்கேன். சாப்பாடு, தண்ணி எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க சும்மா வந்தா போதும்" என்பார். போக நினைக்காதவர்கள்கூட செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். "நானும் அப்படித்தான் ஏறினேன். இன்னும் எறக்கி விடல" என்பாள் அவர் மனைவி மலர்விழி.

அப்படிப்பட்டவரைத் தேடி ஷாமினி வந்தாள். பிரிக்பீல்ட்ஸில் சின்னதாக அலுவலகம் வைத்து விளம்பரப் படம் எடுப்பவள். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத் தமிழர்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்களே, போனவர்களில் பாதிப் பேர் காட்டோடு போனார்களே, அதைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்கிறாளாம். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிதான் ஆட்களை லோரியில் ஏற்றி அனுப்புகிறவன். அந்த வேஷம் தம்புசாமிக்கு.

சினிமா! தம்புசாமி தரையில் நிற்கவில்லை. படுகொலைப் படம் என்று உலகத்தில் எங்கெங்கே எடுத்திருக்கிறார்களோ அதையெல்லாம் வரவழைத்துப் பார்த்தார். ஊர் ஊராகச் சுடுகிறார்கள், எரிக்கிறார்கள், குழியில் தள்ளுகிறார்கள். மலர்விழி தாங்கமுடியாமல் அடுப்படிக்கு எழுந்து போவாள். அவர் மட்டும் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார்: "எந்த நாட்டுப் படமா இருந்தாலும் சரி, கெட்டவனுக்கு மட்டும் நல்ல பூட்ஸ் குடுத்திருக்கான்." மறுநாளே பாசார் மாலாம் இரவுச் சந்தையில் முழங்கால்வரை வரும் பூட்ஸ் ஒன்று வாங்கினார். குளியலறையில் சிரித்துப் பழகினார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் கதவைத் தட்டி, நெஞ்சு வலியா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

படப்பிடிப்பு கேரித் தீவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே. பழைய லோரி ஒன்றைத் தேடிப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். தோட்டத்து ஆட்களாக நடிக்க அக்கம்பக்கத்து ஜனங்களே வந்திருந்தார்கள். "ஆக்‌ஷன்" என்றதும் தம்புசாமி பூட்ஸ் சத்தத்தோடு நடந்து வந்து, கூட்டத்தை மேலும் கீழும் பார்த்து, சிரித்தார். செம்பனை மரத்திலிருந்து பறவைகள் எழும்பிப் பறந்தன.

"கட்!" ஷாமினி மெதுவாக அருகில் வந்தாள். "அங்கிள், சிரிப்பு வேணாம்."

"கொஞ்சமா?"

"கொஞ்சமும் வேணாம். பூட்ஸும் வேணாம் அங்கிள். அப்பறம்... இந்த மீசை."

தம்புசாமியின் கை தானாக உதட்டுக்குப் போனது.

"கோவிச்சுக்காதீங்க. இப்படிச் சிரிக்கிற ஆள் கூப்ட்டா யாரு லோரியில ஏறுவா? எல்லாம் காட்டுக்குள்ள ஓடியிருப்பாங்க. ஓடலையே. ஏறிப் போயிருக்காங்களே."

"அப்ப நான் எப்படித்தான் ஏத்தறது?"

"அதான் எனக்கும் தெரியல லா. எங்க வீட்ல 'போனாங்க, வரல'ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க."

மீசை போயிற்று. மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த மலர்விழி, கணவனைத் தாண்டிப் போய் அடுத்த ஆளிடம், "எங்க வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முந்தியே வைத்த மீசை. அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது.

சிரிப்பும் பூட்ஸும் மீசையும் இல்லாமல் தம்புசாமி பேசிப் பார்த்தார். அதட்டினார், பொருந்தவில்லை. முறைத்தார், பேதி கண்டவர் மாதிரி இருந்தது. எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுத்து எல்லோரும் களைத்துப்போய் மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. தம்புசாமிக்குப் பதற்றம். நடிப்பை மறந்து, யாத்திரைக்காரராக எழுந்தார்.

"வாங்கம்மா வாங்க, மழ வருது. அண்ணே, கைய குடுங்க. பெரியவர மொதல்ல ஏத்துங்க, சாஞ்சி உக்காரட்டும். சாப்பாட்டப் பத்திக் கவலப்படாதீங்க, நான் இருக்கேன்ல."

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, பேசாமல், ஒருவர் பின் ஒருவராக லோரியில் ஏறினார்கள்.

"அங்கிள்!" ஷாமினி ஓடி வந்தாள். "இதேதான். இதையே கேமரா முன்னாடி பண்ணுங்க. சயாமுக்கு, மூணு மாசம்தான்னு மட்டும் சேத்துக்குங்க."

பண்ணினார். ஒரே தடவைதான். கூலியாக நடித்த டிரெய்லர் ஓட்டுநர் இராமலிங்கம் இறங்கி வந்து, "நெஜமாவே நம்பிட்டேண்ணே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். தம்புசாமிக்குப் பரிசு வாங்கினாற்போலிருந்தது.

ஆனால் லோரி செம்பனைக்குப் பின்னால் திரும்பி மறைவதோடு படம் முடிகிறது என்றதும் துவண்டுபோனார்.

"அடிக்கிறது இல்லியா?"

"இல்ல அங்கிள்."

"பொணம்?"

"இல்ல."

"ரத்தமாச்சும் ஒரு சொட்டு?"

"தக்காளி சோஸ்கூட வாங்கல."

"யாரும்மா பாப்பா இத?" என்றார் தம்புசாமி, உண்மையான கவலையோடு.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் படம் போட்ட அன்று, கூட்டம் வராதோ என்ற பயத்தில் தன் வாடிக்கையாளர்களையே ஒரு பஸ் நிறைய ஏற்றிக்கொண்டு போனார். பயம் வீண். மண்டபம் நிறைந்திருந்தது. திரையில் அவர் பேச ஆரம்பித்தபோது கிள்ளான் கூட்டம் கிசுகிசுத்துச் சிரித்தது: நம்ம தம்புசாமி! பெரியவரைக் கைகொடுத்து ஏற்றும்போது சிரிப்பு நின்றது. லோரி மறைந்த பிறகு யாரும் கைதட்டவில்லை. 

பஸ்ஸடியில்தான் வினை. "வாங்க வாங்க, ஏறுங்க. பசிக்குதா? பன்னு வாங்கி வச்சிருக்கேன்" என்றார் தம்புசாமி, வழக்கம்போல. ஒருவரும் நகரவில்லை. படியில் ஒரு காலை வைத்த அம்மாள் காலை எடுத்துக்கொண்டாள். அப்புறம் யாரோ, "தம்பி, கிள்ளானுக்குத்தான போற?" என்று கேட்க, எல்லோரும் சிரித்து ஏறினார்கள். தம்புசாமியும் சிரித்தார். ஆனால் பன்னை அவரால் கையால் கொடுக்க முடியவில்லை. பெட்டியோடு வைத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

கிள்ளானில் எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக இருந்தவர் கிருஷ்ணம்மாள். எந்த யாத்திரையையும் விடாத அம்மாள். அவர் எழுந்து முன்னிருக்கைக்கு வந்தார்.

"எங்கம்மாவோட அப்பா இப்படித்தான் போனாரு. சபாபதின்னு பேரு. எங்கம்மா அந்தக் கிராணியப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல. 'தங்கமான மனுஷன்டி, லோரி ஏறும்போது எங்கப்பாவுக்குத் தன் சட்டையக் குடுத்தாரு'ன்னுதான் சொல்லுவாங்க."

தம்புசாமி எழுந்து அவருக்கு இடம் விட்டார். "அவருக்குத் தெரியாதோ என்னமோ, அம்மா. எங்க அனுப்பறோம்னு."

"மொத லோரிக்குத் தெரியாம இருந்திருக்கலாம்," என்றார் கிருஷ்ணம்மாள். "ரெண்டாவது லோரியும் அவர்தான் அனுப்பினாரு."

வீட்டுக்கு வந்து தம்புசாமி சாப்பிடாமல் படுத்தார். அடுத்த வாரம் முழுக்க யாத்திரைக்கு ஆள் கூப்பிடும்போது புறப்படும் நேரம், திரும்பும் நேரம், கட்டணம் என்று மட்டும் சொன்னார். "என்னங்க, மரண அறிவிப்பு வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் மலர்விழி. ஆள் சேரவில்லை. அவளே போனை வாங்கிப் பேசிப் பாதி பஸ்ஸை நிரப்பினாள்.

காஜாங்கில் மறுபடி படம் போடப்போவதாக ஷாமினி சொன்னபோது, "நான் வரேன், ஆனா நான் பேசமாட்டேன். பேச ஒரு ஆள் கூட்டிட்டு வரேன்" என்றார். கிருஷ்ணம்மாளை அவர் வீட்டு வாசலில் போய்க் கேட்டார். வர முடியுமா, வேண்டாமென்றால் வேண்டாம் என்று கேட்டார். அவருக்கு யாரையும் அப்படிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

கிருஷ்ணம்மாள் வந்தார். மேடையேறி, தாத்தா பெயரைச் சொல்லி, சட்டைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மைக் அவர் வாய்க்கு மேலே நின்றது. தம்புசாமி அதைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"இன்னும் கிட்டப் பிடி" என்று கிருஷ்ணம்மாள் அதட்டினார். அதுவும் மைக்கில் கேட்டது.