கிரீட் தீவில் ஒரு தூக்குத் தயிர்

கெட்டித் தயிருக்குப் பேர்போன தீவுக்கு, தயிர் உறைய வைப்பதற்காகக் காய்ந்த மிளகாய் எடுத்துக்கொண்டு போனவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அயனம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட் லிஃப்ட் வரைக்கும் கதை பரவிவிட்டது. இனி நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

மத்தியதரைக் கடலில் இருக்கும் கிரேக்க நாட்டுத் தீவு கிரீட். மலிவாகக் கிடைத்ததென்று மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்தான். நானும் மனைவியும் பேருந்திலேயே சுற்றினோம். பொதுச் சமையலறை இருக்கும் சின்ன அறைகளாகப் பார்த்துத் தங்கினோம். தயிர்சாதம் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. முதல் நாளே வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டு உறைய வைத்தேன். அதில் ஒரு கரண்டி மறுநாளைக்கு உறை. இப்படி ஊர் ஊராக என் மடியில் ஓர் எவர்சில்வர் தூக்கு பயணம் செய்தது. ஜன்னலுக்கு வெளியே மலையும் கடலும் மாறி மாறி ஓடும். நான் தூக்கின் மூடியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைகளில் தயிர் இல்லாமலா? ஃப்ரிட்ஜ் நிறைய இருந்தது. ஆனால் டப்பாக்களின் மேல் பை, சிக்மா, தீட்டா. கணக்குப் பரீட்சையில் என்னைக் கவிழ்த்த அதே எழுத்துகள். ஏதோ சீஸ் என்று ஒதுங்கி, மாட்டுப் படம் போட்ட பாலை மட்டும் எடுத்து வருவேன். மாலையில் பால் காய்ந்து ஆறும்வரை நான் அறையில் காவல். மனைவி தனியாக ஒரு நடை போய்விட்டு வருவாள். முகத்தில் அப்படி ஒரு களை. காற்று ஒத்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. தீவின் மேற்கு முனையில், படகில் போய்ப் பார்க்கிற ஒரு நீலக் கடற்குடா. டிக்கெட் போட்ட நாளிலிருந்து அந்தப் படம்தான் அவள் போன் முகப்பில். நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, கடைசி இரண்டு நாளில்தான் படகுத்துறை அருகே அறை எடுத்தேன். அங்கே முதல் நாள் காலை நல்ல குளிர். தயிர் உறையவில்லை.

“இன்னாயா, கெளம்பலயா?”

“பாதிதான் உறைஞ்சிகீது. இப்போ தூக்கினு போனா தண்ணியா பூடும்.”

“வெச்சிட்டு வாய்யா.”

“இங்க பூனை கீது. நாளைக்குப் போலாம். கடலு எங்க ஓடிடப் போவுது?”

தூக்குக்கு என் பனியனைச் சுற்றி வெயிலில் வைத்தேன். மத்தியானம் கச்சிதமாக உறைந்தது. அதற்குள் படகு போய்விட்டிருந்தது.

மறுநாள்தான் கடைசி வாய்ப்பு. துறையில் டிக்கெட் பார்த்த பெண் என் தூக்கைப் பார்த்துத் தலையாட்டினாள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லையாம்.

“கொட்டிட்டு ஏறு,” என்றாள் மனைவி.

“ராத்திரிக்கு உறைக்கு இன்னா பண்றது?”

“நாளைக்கு ஊட்டுக்குப் போறோம்யா!”

“ஒரு நிமிசம் இரு. துன்னுட்டு வந்துடறேன்.”

குந்தி, தயிரை அள்ளி அள்ளி வாயில் போட்டேன். விக்கல் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் படகில் ஏறும் பலகையை எடுத்துவிட்டார்கள். படகின் மேல்தட்டில் நின்று அவள் துப்பட்டாவை ஆட்டிக்கொண்டிருந்தாள். வருத்தமாக ஆட்டியது போலத் தெரியவில்லை.

காலித் தூக்கோடு எதிர்க் கடையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து மேசைக்காரர் எதையோ வெள்ளையாகத் தின்றுகொண்டிருந்தார். அதையே கைகாட்டிக் கேட்டேன். கடைக்காரர் அந்தப் பை, சிக்மா டப்பா ஒன்றைத் திறந்து வைத்தார். தயிர்! ஸ்பூன் நட்டுக்க நின்றது.

சாயங்காலம் அவள் வந்தாள். தலையெல்லாம் உப்பு, மூக்கு வெயிலில் கறுத்திருந்தது. ஏதோ புதையல் கண்டவன்போல் ஒரு டப்பாவை நீட்டினேன்.

“இந்தா பாரு, இங்க தயிரு விக்கிறாங்க!”

ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்: “தேன் ஊத்தலயா?”

“உனுக்குத் தெரியுமா?”

“ரெண்டாவது நாள்லருந்து டெய்லி சாயங்காலம் துன்னுகினுதான கீறேன்.”

“அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?”

அவள் தேன் வாங்கக் கடைக்குள் போய்விட்டாள். அயனம்பாக்கம் வந்து, மிச்ச மிளகாயை அஞ்சறைப் பெட்டியில் போடும்போதுதான் பதில் சொன்னாள்:

“சொல்லிருந்தா நீயும் என் பின்னாடியே தொணதொணன்னு வந்திருப்பே. தயிரு உன்ன ரூம்ல குந்த வெச்சிச்சி. அதான் நான் ஊரப் பாத்தேன்.”