இரண்டு ஐஸ்கிறீம் பெட்டிகள்

என் தோழி ஒருத்தியின் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிறீம் பெட்டிகள் நிறைய இருக்கும், ஐஸ்கிறீம் இருக்காது. ஒன்றில் கறிவேப்பிலை, இன்னொன்றில் தேங்காய்ப்பூ, அடியில் போன கிழமை மீன்குழம்பு. ஆசையோடு திறந்து ஏமாந்த என் பிள்ளைகள் அவளை இன்னும் மன்னிக்கவில்லை. வெறும் பெட்டியை எறிய அவளுக்கு மனமே வராது. அந்தப் பழக்கம் ஒருமுறை எங்களைப் பாலைவனத்திலும் பாடாய்ப் படுத்தியது.

நாங்கள் மூன்று பேர். எண்பதுகளின் கடைசியில் மெல்பேர்னுக்குப் படிக்க வந்து, ஒரே பிளாட்டில், ஒரே குசினியில் சண்டை பிடித்துச் சமைத்தவர்கள். பெட்டிக்காரி பிறகு மெல்பேர்னுக்கு வெளியே வெரிபீயில் தனியாக இருந்தாள். மற்றவளுக்குக் கணினி வேலை, எதிலும் ஒரு பிசகு வராமல் செய்கிறவள் என்று அவளுக்கே ஒரு நினைப்பு. நான் கார் ஓடுகிறவள். கோபமும் என் பங்குதான்.

கணினிக்காரிக்கு அப்போது ஜியோகாஷிங் பைத்தியம் பிடித்திருந்தது. முன்பின் தெரியாத யாரோ ஒரு பெட்டியை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார்கள். ஜிபிஎஸ் கருவியோடு போய் அதைத் தேடிப்பிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும். நாற்பது வயதில் ஒளித்துப் பிடித்து விளையாட்டா என்று என் கணவர் சிரித்தார். நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டுவிட்டோம்.

அந்தப் பயணத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெட்டிக்காரியின் தமையன் கனடாவில் இருந்தார். தனிய இருந்து என்ன செய்கிறாய், இங்கே வந்துவிடு என்று அவளை நெருக்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக அவள் சொல்லியிருந்தாள். அவள் போகக்கூடாது என்று எனக்கு நெஞ்சு முழுக்க ஆசை. ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்ட பிறகும் அவள் போய்விட்டால் அதை எப்படித் தாங்குவது என்ற பயம்தான்.

மில்டூரா நகரைத் தாண்டியதும் மண் சிவந்துவிட்டது. சாலை முடிவில்லாமல் நேரே போனது. ஒரு பட்ட மரத்தின் பொந்துக்குள் எங்கள் முதல் பெட்டி கிடைத்தபோது மூன்று பேரும் துள்ளிக் குதித்தோம். எங்கள் பெயரில் ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று கணினிக்காரி முன்பே திட்டமிட்டு வந்திருந்தாள். கற்கள் குவிந்து கிடந்த ஒரு மேட்டடியில் காரை நிறுத்தச் சொன்னாள்.

“வடிவாக் கேளுங்கோ. ஒளிச்சு வைக்கிற ஆள்தான் வருசா வருசம் வந்து பெட்டியைப் பாக்கோணும். சாப்பாட்டுச் சாமான் மட்டும் வைக்கவே கூடாது, மிருகங்கள் வந்து கிளறும்,” என்று பாடம் எடுத்தாள். பிறகு பெட்டிக்காரியைப் பார்த்து, “நீயே வையன்,” என்றாள்.

“இல்லையடி, நீங்கள் ரெண்டு பேரும் வையுங்கோ. நான் எங்கை வந்து பாக்கப்போறன்?”

முடிவெடுத்துவிட்டாள், எங்களிடம் சொல்லத்தான் இல்லை என்று நினைத்தேன். போய்க் காரில் ஏறி என்ஜினைப் போட்டேன். பின்சீட்டுப் பையிலிருந்து பெட்டியை எடுத்த கணினிக்காரி, “கொஞ்சம் பாரமாக் கிடக்குது,” என்று முணுமுணுத்தாள்.

“வைச்சிட்டுக் கெதியா வா!” என்று கத்தினேன்.

அவள் வைத்துவிட்டு வந்து ஏறியதும் காரை விரட்டினேன். பசி வந்த பிறகுதான் ஒரு மர நிழலில் நிறுத்தினோம். விடியற்காலையில் எழும்பிப் புட்டவித்து, மேலே இடிச்ச சம்பலும் முட்டைப் பொரியலும் வைத்து, சிந்தாமல் டேப் ஒட்டிக் கொண்டு வந்திருந்தாள் பெட்டிக்காரி. டேப்பை உரித்து மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு பிளாஸ்டிக் கோலாக் கரடிப் பொம்மை.

“சாப்பாட்டுச் சாமான் வைக்கக்கூடாதெண்டு எங்களுக்குப் படிப்பிச்சவ, புட்டைக் கொண்டுபோய்ப் புதைச்சிருக்கிறா!” என்று நான் பாய்ந்தேன்.

“ரெண்டும் அவள் தந்த ஐஸ்கிறீம் பெட்டி. ரெண்டுக்கும் டேப். நான் என்னெண்டு கண்டுபிடிக்கிறது? நீயும் கெதியா வா எண்டு கத்தினாய்!”

பெட்டிக்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஆரோ ஒரு வெள்ளைக்காரன் ஜிபிஎஸ்ஸோட வந்து, திறந்து, சம்பலை வாயிலை வைக்கப்போறான்,” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

“நீ போயிட்டியெண்டால் நாங்கள் ஆரோடை இப்பிடிச் சிரிக்கிறது? போகாதையடி.”

சொல்லிவிட்டேன். அவள் மூடியை மெல்லப் பொருத்தினாள்.

“காரைத் திருப்பு. புட்டுப் பழுதாப் போகும்,” என்றாள்.

நாங்கள் ஒளித்ததை நாங்களே கருவி பார்த்துத் தேடிப் பிடித்தோம். பெட்டியைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. டேப் இறுக்கமாக இருந்ததால் ஒன்றும் உள்ளே போகவில்லை. அந்தக் கற்களிலேயே இருந்து, மூன்று பேரும் ஒரே பெட்டிக்குள் கைவிட்டுச் சாப்பிட்டோம். காற்றில் வந்த மணல் பல்லில் கடிபட்டது. எனக்கு இன்னும் அழுகை நிற்கவில்லை.

பெட்டிக்காரி போத்தல் தண்ணீரில் கை கழுவினாள். கொப்பி இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு போய், கற்களுக்கு நடுவே குனிந்து வைக்கத் தொடங்கினாள்.

“எடியே, வைக்கிற ஆள்தான் வருசா வருசம் வரவேணும்,” என்றாள் கணினிக்காரி.

“ஓம், தெரியும்,” என்றாள் அவள், திரும்பாமலே. பிறகு என்னைக் கூப்பிட்டாள். “உதிலை நிண்டு அழாமல், மூடுறதுக்கு ஒரு நல்ல கல்லாப் பாத்து எடுத்துக்கொண்டு வா.”