தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்

மெர்ல் ட்ரெகென்சாவின் நாய் என் கோழிகளில் பாதியைத் தின்றிருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அந்த நாய்க்குப் பரிந்து பேசுவதாக யாரும் சொல்லக் கூடாது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலி. அந்தப் பக்கம் மெர்ல், டிங்கர் என்கிற அந்த நாய், பார்பரா என்கிற கிழட்டுச் செம்மறி ஆடு. இந்தப் பக்கம் நான், என் மனைவி, மிச்சக் கோழிகள். என் பெயர் கிளெம். ஊர்க் கோடியில் நிற்கும் கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

மெர்ல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டினாள். என் பிள்ளைகள் மூவரும் அவள் பேருந்தில்தான் போனார்கள். ஒரு வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, மெக்கீவாய் பண்ணை வாசலில் வண்டி நிற்கக் கூடாது, அது பட்டியலில் இல்லை என்று. அந்தப் பண்ணையின் இரண்டு பெண் குழந்தைகள் அடுத்த நிறுத்தம் வரை நெடுஞ்சாலை ஓரமாகத்தான் நடக்க வேண்டும், கோதுமை லாரிகள் பறக்கிற சாலை. மெர்ல் தினமும் நிறுத்தினாள். விசாரிக்க ஒரு அதிகாரி வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பண்ணை வாசலில் அவள் கதவைத் திறந்து, இறங்கி நடந்து பாருங்கள், தூரம் தெரியும் என்றாள். அந்த மனிதர் ஏதோ கடமை உணர்ச்சியில் இறங்கிவிட்டார். அவள் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டாள். அடுத்த மாதம் மெக்கீவாய் வாசல் பட்டியலில் ஏறியது.

இதுதான் மெர்ல். அவளோடு சண்டைக்குப் போகிறவர்கள் நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு போவது உத்தமம்.

நண்டு பிடிக்கப் போகும் அவள் கணவன் டெஸ் மாரடைப்பில் போனபின், நெடுஞ்சாலையில் வண்டிகள் இளைப்பாறும் இடத்தில் குப்பைத் தொட்டியோடு கட்டிப் போட்டிருந்த நாயை அவிழ்த்துக் கொண்டு வந்தாள். அதற்கு ஒரு காது பாதிதான் இருந்தது. தொப்பி போட்ட யாரையும் அது வாசலுக்குள் விடாது. ஏன் என்று கேட்டேன். “அதுக்கு ஏதாவது காரணம் இருக்கும். நான் கேக்கல, நீயும் கேக்காத” என்றாள். எங்கள் ஊர் வெயிலில் தொப்பி இல்லாதவன் பைத்தியக்காரன். என் காதில் வந்த புற்றை இரண்டு தடவை சுரண்டி எடுத்த டாக்டர், தொப்பி இல்லாமல் வாசல் தாண்டினால் மூன்றாவது தடவை என்னிடம் வராதே என்று சொல்லிவிட்டார். அதனால் டிங்கரும் நானும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் முறைப்பதோடு சரி.

போன குளிர்காலத்தில் மெர்ல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டாள். நாய் விடாமல் குரைத்தது. கோழியைத்தான் குறி வைக்கிறது என்று கையில் மண்வெட்டியோடு போனேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் மண்ணில் கிடந்தாள். தொப்பியை எறிந்துவிட்டு உள்ளே ஓடினேன். அன்றைக்கு நாய் என்னை விட்டது.

இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும். அரசு மருத்துவமனை வரிசையில் ஏற்கெனவே காத்திருந்தவள். கடைசியில் அடிலெய்டில் நாள் கொடுத்தார்கள். அறுவை முடிந்து, நடக்கப் பழகி, வீடு வர ஆறு வாரம் ஆகும். இந்த நாளை விட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

அப்போதுதான் மகள் ஜானீன் வந்தாள். அடிலெய்டில் வீடு விற்கும் அலுவலகத்தில், விற்கும் வீடுகளுக்கு விளம்பரம் எழுதுகிறவள். கெட்ட பெண் இல்லை. அம்மா மண்ணில் கிடந்த செய்தி கேட்டதிலிருந்து அவள் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவள் சொன்னது இதுதான்.

“அம்மா, ஆறு வாரம் இதுங்கள யாரு பாத்துப்பா? நாய்க்கு வயசாயிடுச்சு. டாக்டர்ட்ட சொல்லி வலியில்லாம ஊசி போட்டு முடிச்சுடலாம். ஆட்ட யாருக்காவது குடுத்துடலாம். ஆபரேஷன் முடிஞ்சதும் எங்க பக்கத்துல இருக்கற முதியோர் குடியிருப்புக்கு வந்துடு.”

அந்தக் குடியிருப்பில் பிராணிகளுக்கு இடமில்லை. மெர்ல் அவளைப் பார்த்த பார்வையில், நான் அந்த அதிகாரியை நினைத்துக்கொண்டேன்.

“ஆள் கெடச்சா?” என்றாள் மெர்ல்.

“கெடச்சா உன் இஷ்டம். கெடைக்காதும்மா.”

இப்படித்தான் பந்தயம் கட்டப்பட்டது. ஆள் கிடைத்தால் வீடு, நாய், ஆடு எல்லாம் அப்படியே. கிடைக்காவிட்டால் டிங்கருக்கு ஊசி, மெர்லுக்கு ஒற்றை அறை.

ஜானீன் நியாயமானவள், விளம்பரத்தைத் தானே எழுதித் தந்தாள். வாடகை இல்லாமல் வீட்டில் தங்கிக்கொண்டு பிராணிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் இணையதளம் ஒன்றில் அதைப் போட்டாள். ‘கடல் காற்று தவழும் பழங்கால இல்லம். கடற்கரை ஐந்து நிமிடத்தில். பாசமுள்ள நாய், சாதுவான செம்மறி ஆடு. அமைதியை நேசிப்பவர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு.’ அதோடு ஆறு படங்கள். ஒரு படத்தில் இருந்த பூந்தொட்டிகள் என் மனைவியுடையவை. இன்னொன்றில் இருந்த தாழ்வாரமே என்னுடையது.

படித்தபோது எனக்கே போய்த் தங்கலாம் போலிருந்தது. கடற்கரை ஐந்து நிமிடம்தான், காரில் போனால். வீட்டில் ஓடும் தண்ணீர் முழுக்க மழைநீர்த் தொட்டியிலிருந்து வருவது; கழிப்பறை பின்தாழ்வாரத்துக் கடைசியில்; சாதுவான ஆடு அடுக்களைக்கு வந்து மேசைமேல் தலை வைத்து ரொட்டி கேட்கும். இதில் எதுவுமே விளம்பரத்தில் இல்லை.

கடிதங்கள் குவிந்தன. மெல்பர்னிலிருந்து ஒரு தம்பதி, முதலில் வந்து இரண்டு நாள் இருந்து பார்ப்பதாகச் சொல்லி வந்தார்கள். இருவர் தலையிலும் ஒரே மாதிரி வைக்கோல் தொப்பி. அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. மெர்ல் கறியும் கிழங்கும் மாவுக்குள் வைத்துச் சுட்ட பேஸ்டியை அவர்கள் தொடக்கூட இல்லை. அந்த அம்மாள் கழிப்பறை எங்கே என்று கேட்டு, போய்ப் பார்த்து, அப்படியே காருக்குப் போய்விட்டாள். கணவர் பாதித் தொப்பியோடு பின்னால் ஓடினார். மறுநாள் அந்த இணையதளத்தில், பொய் சொல்லி வரவழைத்தார்கள் என்று அவர்கள் எழுதியதை எல்லாரும் படித்தார்கள். ஏற்கெனவே எழுதிய மற்றவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஜானீன் தொலைபேசியில் மென்மையாகத்தான் சொன்னாளாம், நான் சொன்னேனேம்மா என்று. அந்த மென்மைதான் மெர்லைக் கொதிக்க வைத்தது. வேலியோரம் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“அவங்க எழுதினது சரிதான், கிளெம். பொய்தான் சொல்லியிருக்கோம். பொய் சொல்லித்தான் ஒருத்தர வரவழைக்கணும்னா, இந்த வீடு போகட்டும். நான் சொல்றேன், நீ தட்டு. ஒரு எழுத்து மாத்தக் கூடாது.”

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் முக்காலியில், நான் இந்தப் பக்கம் மடிக்கணினியோடு. இரண்டு விரலால் தட்டினேன்.

‘வீடு பழசு. அழகுன்னு யாரும் சொன்னதில்ல. பின்பக்கம் ரெண்டாவது படி ஆடும், அதுல கால் வைக்காதீங்க. கழிப்பறை பின்தாழ்வாரத்துக் கடைசியில. தண்ணி தொட்டித் தண்ணிதான். குளிக்கும்போது கீழ ஒரு வாளி வையுங்க, அந்தத் தண்ணி எலுமிச்ச மரத்துக்கு. அக்டோபர்ல பாம்பு வரும். அதுவும் குடிக்கத்தான் வருது, வழி விடுங்க. ஆடு பேரு பார்பரா. காலைல அடுக்களைக்கு வந்து ரொட்டி கேக்கும். குடுத்தா போயிடும், குடுக்கலன்னா பாத்திரமெல்லாம் போயிடும். நாய் பேரு டிங்கர். கோழி திங்கும். பக்கத்து வீட்டுக்காரன் கத்துவான், கண்டுக்காதீங்க. என் வீட்டுல பூந்தொட்டி கெடையாது.’

கடைசியாக அவள் சொன்ன மூன்று வரிகளைக் கேட்டதும், இதெல்லாம் எதற்கு மெர்ல் என்றேன். தட்டு என்றாள். தட்டினேன்.

ஒரு வாரம் ஒரு ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. நான்கூட, உள்ளூரில் யாரையாவது கெஞ்சிப் பார்க்கலாமே என்றேன். கெஞ்சுகிறவள் இல்லை அவள். மருத்துவமனைக்குப் பெட்டியை எடுத்து வைத்தாள். நாயின் தட்டைக் கழுவி அதன் இடத்திலேயே வைத்தாள்.

பிறகு நெவில் ஸ்டோக்ஸ் என்கிறவர் எழுதினார். சிறைச்சாலையில் சமையல்காரராக இருந்தவர், மனைவியைப் பிரிந்தபின் ஊர் ஊராக மற்றவர் வீடுகளைக் காத்துக்கொண்டு திரிகிறவர். தன்னைப் பற்றியும் அவர் அதே மாதிரிதான் எழுதியிருந்தார். குறட்டை விடுவேன். சமையலில் உப்பு கூடும், கைதிகள் யாரும் புகார் சொன்னதில்லை, சொல்ல முடியாது. பாம்பென்றால் பயம், ஆனால் வழி விடத் தெரியும். கடைசியில் ஒரு கேள்வி: என் தலை சுத்த வழுக்கை, தொப்பி கூடாதென்றால் குடை பிடித்துக்கொள்ளலாமா, உங்கள் நாய்க்குக் குடை சம்மதமா?

மெர்ல் அதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பிறகு சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

டிங்கருக்குக் குடை சம்மதம். ஆறு வாரமும் அந்த வழுக்கைத் தலையர் பூப்போட்ட குடையின் கீழ் ஆட்டுக்குப் புல் போடுவதை ஊரே கார் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனது. மெர்ல் அடிலெய்டில் புது இடுப்போடு நடை பழகினாள்.

பந்தயத்தில் அவள் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் பயந்த மகளுக்குப் பந்தயம் எம்மாத்திரம்? அம்மாவே எழுதிய விளம்பரத்தை அச்செடுத்து ஜானீன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். நோயாளி வீடு திரும்பித் தனியாக இருக்க முடியுமா என்று பார்த்துச் சொல்கிற லியென் என்ற பெண்ணிடம் கொடுத்தாள். ஆடும் படி, பாம்பு, கழிப்பறை, எல்லாம் அம்மாவே எழுதியது, பாருங்கள் என்றாள். மெர்ல் உண்மை சொன்னது மெர்லுக்கே வினையாக வந்து நின்றது.

லியென் அதை முழுக்கப் படித்துவிட்டு, நேரில் போய்ப் பார்ப்போம் என்றாளாம்.

ஆறு வாரம் முடிந்ததும் மெர்ல், ஜானீன், லியென் மூவரும் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். நான் வேலியோரம் நின்றிருந்தேன், தொப்பியோடு, என் எல்லைக்குள். வெயில் மண்டையைப் பிளந்தது. லியென் வாசலில் நின்று, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். நெவில் குடையோடு ஓடி வந்தார். டிங்கர் அவள் கையை முகர்ந்து பார்த்துவிட்டு வழி விட்டது.

பின்னால் ஜானீன் வந்தாள், அகலமான புதுத் தொப்பியில். நாய் அவளைக் கடிக்கவில்லை. தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“கடைசில போட்டிருந்துச்சே, நீங்க படிக்கலையா?” என்றாள் லியென், குத்தலே இல்லாமல்.

ஜானீன் கையிலிருந்த தாளைத் திருப்பினாள். ஊருக்கே விளம்பரம் எழுதுகிறவள், அம்மா எழுதியதில் முதல் பக்கத்தோடு நின்றிருக்கிறாள். வெயிலில் வெறுந்தலையோடு நின்று அந்த மூன்று வரிகளையும் வாய்விட்டே படித்தாள்.

“தொப்பியக் கழட்டிட்டு உள்ள வாங்க. ஆறு வாரத்துல நான் திரும்பி வருவேன். நான் வர மாட்டேன்னு என் மக சொன்னா, நம்பாதீங்க.”

மெர்ல் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்தபடி நின்றாள். நேருக்கு நேர் சொல்ல முடியாததை அவள் உலகத்துக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

லியென் வீட்டைச் சுற்றி வந்தாள். தாளில் இருந்தது இருந்த இடத்தில் இருந்தது. பின்பக்கப் படியில் மட்டும் நின்று, இரண்டாவது ஆடவில்லையே என்றாள். அது ஒன்றுதான் பொய்யாகிவிட்டது, நான் சரிபண்ணிவிட்டேன் என்று நெவில் மன்னிப்புக் கேட்டார்.

“தன் வீட்ல என்னென்ன ஆபத்துன்னு இவ்வளவு தெரிஞ்சவங்கள நான் பாத்ததில்ல” என்றாள் லியென் ஜானீனிடம். “படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் கைப்பிடி வைக்கணும். மத்தபடி இவங்க இங்க இருக்கலாம்.”

மெர்ல் நடைச்சட்டத்தோடு தாழ்வாரத்தில் ஏறினாள். யாரும் பிடிக்க வரக் கூடாது என்று கையைக் காட்டினாள். உள்ளே அடுக்களையில் பார்பரா ஏற்கெனவே மேசைமேல் தலையை வைத்துக்கொண்டு காத்திருந்தது. நெவில் உப்பு கூடிய பேஸ்டிகளை எடுத்து வைத்தார். ஜானீன் ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்து ஆட்டுக்குக் கொடுத்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே நான் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கைப்பிடி வச்சா அடுத்த வெளம்பரத்துல அதையும் சேக்கணும்” என்றாள் மெர்ல்.

“அடுத்த வெளம்பரமா?”

“இன்னொரு பக்க இடுப்பு இருக்குல்ல?”

ஜானீன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சரிம்மா. இந்தத் தடவ நான் ஒழுங்கா எழுதித் தர்றேன்.”

“நீ ஒண்ணும் எழுத வேணாம்” என்றாள் மெர்ல். “நான் சொல்றேன். நீ பக்கத்துல உக்காந்து தட்டு.”