மிஸி வாசித்த காதல் கதைகள்

பொலித்தீன் பைக்குள் ஒரு நாவல், பையைச் சுற்றி இரண்டு இறப்பர் வளையங்கள். மிஸியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். நெடுந்தீவில் நான் படிப்பித்த காலத்தில், திங்கட்கிழமைக் காலைகளில் நாங்கள் இருவரும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காகக் காத்திருப்போம். கடல் தெறித்துத் தாள் ஊறிவிடக்கூடாதென்று அவர் புத்தகத்தை அப்படிக் கட்டிக்கொண்டு வருவார். இறுப்பிட்டிக்காரர், ஐம்பதை நெருங்கியவர், கலியாணம் செய்யாதவர். நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்ததால், எங்கள் பக்கத்து வழக்கப்படி எல்லோருக்கும் அவர் மிஸி.

அவர் வாசித்தவை பெரும்பாலும் புதிதாக வருகிற காதல் நாவல்கள். யாழ்ப்பாணத்துப் புத்தகக்கடை ஒன்றிலிருந்து தபாலில் வரும். வாசித்து முடித்ததும், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வதுபோலச் சுருக்கமாக அபிப்பிராயம் சொல்வார். ஒரு கதையில் நாயகன் நாயகியின் கையை முறுக்கிப் பிடித்துத் தன் காதலைச் சொன்னானாம். அப்படிப்பட்ட ஆட்களின் மனைவிமாருக்குத் தான் மருந்து கட்டியிருப்பதாகச் சொல்லி அதைப் பாதியில் மூடிவிட்டார். இன்னொன்றில் இருவரும் பாதிப் புத்தகம்வரை கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். ஒரு தடவை ரெலிபோன் எடுத்தால் தீர்ந்துவிடுகிற விஷயம் என்றார். ஆனாலும் அதைத் திரும்பவும் வாசித்தார். கோபம் ஆறுகிற இடம் நன்றாக வந்திருந்ததாம்.

நான் வாசிப்பது வேறு வகை. பலரும் புகழ்ந்த சமகால நாவல் ஒன்றை, போரில் எல்லாவற்றையும் இழந்த ஒரு குடும்பத்தின் கதையை, ஒருமுறை அவருக்குக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது தந்துவிட்டார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறார், டீச்சர். ஆனா அதில ஒருத்தரும் ஒருக்காலும் சிரிக்கேல்லை. நாங்கள் இடம்பெயர்ந்து போகேக்கையும் சிரிச்சனாங்கள்.”

அந்த இடப்பெயர்வில் அவர் தகப்பனை இழந்தவர். நான் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நெடுந்தீவுத் தபால் அதிபர் கடலுக்கு இந்தப் பக்கம், நாரந்தனையைச் சேர்ந்தவர். மனைவி காலமாகிப் பல வருடங்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். மாதம் தவறாமல் வருகிற பொதிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாள் மிஸியிடம் கேட்டிருக்கிறார். மிஸி ஒரு நாவலை இரவல் கொடுத்தார். கதையில் நாயகியைவிட அவளுடைய தாய்தான் பாவம் என்று சொல்லி அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். அப்படியொரு தாய் அந்தக் கதையில் இருந்ததே மிஸிக்கு ஞாபகமில்லை. மறுபடி வாசித்துப் பார்த்துவிட்டு, மனுசன் சொன்னது சரிதான் என்று என்னிடம் சொன்னபோது அவருடைய முகம் சிவந்திருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாவலும் இரண்டு பேரின் கைக்கும் போய்வந்தது.

ஓய்வுபெறப் போகும் நேரத்தில் தபால் அதிபர், தன்னைக் கலியாணம் செய்துகொண்டு நாரந்தனைக்கு வரச் சம்மதமா என்று கேட்டார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தபடி மிஸி இதைச் சொன்னார். விருப்பம் இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. இந்த வயதில் கலியாணம் என்றால் சனம் சிரிக்கும் என்று கனடாவில் இருந்த அண்ணன் சொன்னதையும் அவர் பெரிதாக எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியை விட்டுவர மட்டும் மனம் இடம் கொடுக்கவில்லை. கடல் குழம்பிப் படகு ஓடாத நாட்களில், பிள்ளைப்பேற்றுக்கு வருகிற பெண்கள் இவருடைய கையைத்தான் நம்பியிருந்தார்கள்.

“எல்லாக் கதையிலயும் கடைசியில அவள்தான் பெட்டி கட்டுறாள், டீச்சர். இவ்வளவு நாளும் வாசிச்சும் எனக்கு அது கண்ணில படேல்லை.”

வர ஏலாது என்று தபால் அதிபரிடம் சொல்லிவிட்டார். அவரும் வற்புறுத்தாமல் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த மாரிகாலம் முழுவதும் மிஸி புத்தகம் இல்லாமல் படகேறினார்.

கடல் அடங்கியபின் ஒரு திங்கட்கிழமை நாங்கள் பஸ்ஸால் இறங்கியபோது, இறங்குதுறையில் தபால் அதிபர் நின்றார். பக்கத்தில் ஒரு பெட்டி, ஒரு சைக்கிள், ஒரு சாய்மனைக் கதிரை.

“வீட்டைப் பூட்டித் திறப்பைத் தங்கச்சியிட்டைக் குடுத்திட்டன்,” என்றார் மிஸியிடம். “அங்க எனக்கொரு வேலையும் இல்லை. உமக்கு நெடுந்தீவில இருக்குது.”

மிஸி அந்தப் பெட்டியைப் பார்த்தார். பிறகு குனிந்து கதிரையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன்.

நெடுந்தீவிலேயே, ஒரு சிறிய பிள்ளையார் கோயிலில் தாலி கட்டினார்கள். கனடா அண்ணன் ரெலிபோன் திரையில் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். கடைசியில் அவர்தான் அழுதார்.

எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைத்துச் சில வருடங்களாகிவிட்டன. போன கிழமை மிஸியோடு கதைத்தபோது இப்போது என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். காதல் கதைதான் என்றார். இப்போதைய கதைகளில் பெண்கள் வேலையை விடுவதில்லையாம். அது அவருக்குப் பிடித்திருக்கிறது. ஒரு குறை மட்டும் தீரவில்லை.

“கனபேர் கலியாணத்தோட கதையை முடிச்சுப்போடினம். எனக்கு அதுக்குப் பிறகுதான் கதைக்கவே ஆள் கிடைச்சது.”

கையிலிருக்கிற கதை எப்படிப் போகிறது என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்க, பின்னாலிருந்து தபால் அதிபரின் குரல் வந்தது. தான் இன்னும் பாதியில்தான் நிற்கிறாராம், முடிவைச் சொல்லவேண்டாமாம்.

“ஓம், சொல்லமாட்டன்,” என்றார் மிஸி. பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு முடிவைச் சொன்னார்.