பெரியப்பாவின் முதல் வெல்லம்

சர்க்கரை வியாதிக்கு ஊரில் வேறு வீடே கிடைக்கவில்லை போலிருக்கிறது. கரும்பு போடுகிற எங்கள் வீட்டுக்கு வந்து பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டது. அப்போது இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மோகனூர்ப் பக்கம் காவிரித் தண்ணீர் பாய்கிற எங்கள் தோட்டத்தில், தை பிறந்தால் ஆலை போட்டு வெல்லம் காய்ச்சுவார்கள். அந்த நாட்களில் பெரியப்பா சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டார். சூட்டோடு வெல்லத்தைத் தின்றே பசியாறிவிடுவார்.

காலில் வந்த புண் ஆறாமல் போகவே நாமக்கல் டாக்டரிடம் காட்டினார்கள். தினமும் ஊசி போட வேண்டும், இனிப்பை விடாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று அவர் சொல்லிவிட்டார். அன்று முழுக்க அழுத பெரியம்மா, மறுநாள் ஊர் வைத்தியரிடமும் போனார். அவர் சிறுகுறிஞ்சான் இலை, நாவல் கொட்டை, ஆவாரம்பூ எல்லாம் இடித்த சூரணம் கொடுத்தார். “ஊசிய நிறுத்திப்போடாதீங்க. இது கூட ஒத்தாசைக்குத்தான்” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

சங்கடம் தையில் வந்தது. முதல் கொப்பரை வெல்லத்தைப் பிள்ளையாருக்குப் படைத்ததும், வீட்டுக்கு மூத்தவர் ஒரு துண்டை வாயில் போட்டு, “இனிக்குது” என்று சொல்ல வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் கை நீட்டலாம். அந்த உரிமையை விடப் பெரியப்பாவுக்கு மனசில்லை. ஒரு துண்டோடு நிறுத்துவார் என்று நம்பப் பெரியம்மாவுக்குத் தைரியமில்லை. காலையில் கொடுக்கிற சூரணத்தை அன்று ஆலைக்கே எடுத்துவந்து, படையல் போடும் நேரம் பார்த்துக் கொடுத்தார். பெரியப்பா அதை நன்றாக மென்று விழுங்கினார்.

பிறகு வெல்லத்தை வாயில் போட்டவரின் முகம் கோணியது.

“ஏப்பா, என்னத்தக் காச்சியிருக்கற? மண்ணாட்டமிருக்குது.”

வெல்லம் காய்ச்சியவர் கொப்பரையை எட்டிப் பார்த்தார். முதல் வெல்லமே இனிக்காவிட்டால் வருஷம் எப்படி விளங்கும் என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மா முன்னால் வந்தார்.

“அவரு மேல தப்பில்லைங்க. அந்தத் தூளு வாயில பட்டா கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாதாமுங்க. தெரிஞ்சுதான் குடுத்தேன். எனக்கு உங்க காலு வேணுமுங்க.”

பெரியப்பா தையத்தக்கா என்று குதிப்பார் என்றுதான் எல்லோரும் பயந்தோம். அவரோ ஒரு துண்டை எடுத்து, பக்கத்தில் பாவாடைச் சிறுமியாக நின்ற என் வாயில் போட்டார்.

“நீ சொல்லு சாமி.”

“இனிக்குதுங்க பெரியப்பா.”

அதன் பிறகு ஒவ்வொரு தையிலும் சூரணத்தை அவரே கேட்டு வாங்கி மென்றுவிட்டு ஆலையில் வந்து உட்காருவார். என்னைக் கூப்பிட்டு வெல்லம் ஊட்டுவார். இனிக்கிறது என்று மட்டும் சொன்னால் விடமாட்டார். வாயில் போட்டதும் கரைகிறதா, கரும்பு வாசம் வருகிறதா, தொண்டையில் இறங்கும்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடித் தலையாட்டுவார். எனக்கோ விளையாடப் போகிற அவசரம். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பாதியில் ஓடிவிடுவேன்.

வெல்லம் நல்லபடியாக வந்திருக்கிறதா என்று விசாரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். என் வாயால் அவர் தின்றுகொண்டிருந்தார் என்று தெரிந்திருந்தால், இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து சொல்லியிருப்பேன்.